மீரான் வண்டி

லப்பைக்குடிக்காட்டு மீரானைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். நல்ல மனுஷர், அஞ்சு வேளையும் தொழுகிறவர், யார் வம்புக்கும் போகாதவர் என்பார்கள். எல்லாம் சரிதான். கெட்டவன் ஒரு தப்பைச் செய்தால் வாய் வலிக்கத் திட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகலாம். இந்த மாதிரி மனுஷர் செய்துவிட்டால் என்ன சொல்லித் திட்டுவது? எனக்கும் கோபம்தான் வருகிறது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் வாய் வரமாட்டேன் என்கிறது.

இருபத்தாறு வருஷம் மீரான் சவூதியில் இருந்தார். தம்மாம் பக்கம், தண்ணீர் லாரிகளைப் பராமரிக்கிற ஓர் ஒர்க்‌ஷாப்பில் டயர் வேலை. சக்கரத்தைக் கழற்றுவது, மாட்டுவது, பஞ்சர் ஒட்டுவது எல்லாம் பார்த்தார். பின் சக்கரத்துக்குப் பின்னால் கறுப்பு ரப்பர்த் தட்டி ஒன்று தொங்குமே, சேறும் கல்லும் பின்னால் வருகிறவன் மேல் அடிக்காமல் இருக்க, அந்த மட்பிளாப்பை அளவாக வெட்டிப் பொருத்துகிற வேலை மட்டும் அவருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. ஸ்கேல் வைக்க மாட்டார். கோடு போட மாட்டார். கத்தியை ஒரு தடவை இழுத்தால் நூல் பிடித்த மாதிரி நேராக வரும். அந்தக் கை அப்படிப்பட்ட கை.

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவில் வருவார். மகன் முகமது அனஸுக்கு இருபத்து நாலு வயது முடிந்தபோது, அவனோடு அவர் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது மொத்தமே இரண்டு வருஷத்துக்குள்தான். ஒவ்வொரு தடவையும் பிள்ளை கூச்சம் விட்டுப் பக்கத்தில் வந்து உட்கார ஒன்றரை மாதம் ஆகிவிடும். அதற்குள் டிக்கெட் தேதி வந்துவிடும். அதனாலேயே அவர் மனசுக்குள் ஒரு தீர்மானம் செய்திருந்தார். தன் மகன் சபுருக்குப் போகக்கூடாது. அந்த ஊரில் வெளிநாட்டுப் பிழைப்புக்குப் போவதற்குச் சபுரு என்றுதான் பெயர். போகாத ஆம்பிளையை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஷார்ஜாவில் இருக்கிற அவர் மச்சினன், மனைவி ஜைனம்புவின் தம்பி, அனஸுக்கு விசா எடுத்துத் தருகிறேன் என்று இரண்டு முறை கேட்டான். இரண்டு முறையும் மீரான் போனிலேயே கத்தினார்.

"அவன் ஏர்போர்ட்டுக்குப் போறதா இருந்தா என்னையக் கூட்டிட்டு வரத்தான் போவணும். வேற எதுக்கும் போவக் கூடாது."

சொன்னதோடு நிற்கவில்லை. கையில் இருந்ததை எல்லாம் அனுப்பி அனஸுக்கு ஒரு பிக்கப் வண்டி எடுத்துக் கொடுத்தார். மாலை போட்ட வண்டியை முன்பக்கமாக நிறுத்திப் படம் எடுத்து அனுப்பினான் பையன். செட்டிகுளத்திலிருந்து சின்ன வெங்காயம், ரஞ்சன்குடிப் பக்கத்திலிருந்து மக்காச்சோளம், சில நாள் அரியலூருக்குப் பருத்தி மூட்டை என்று ஓட ஆரம்பித்தான். லோடு இல்லாத நாளே கிடையாது. உள்ளூரிலேயே உழைத்து, ராத்திரிக்குத் தாய் கையால் சோறு தின்று, தன் படுக்கையில் படுக்கிற மகன். மீரான் இருபத்தாறு வருஷம் கேட்டது அதைத்தான். வேறொன்றும் கேட்கவில்லை.

போன பங்குனியில் கம்பெனியில் ஆளைக் குறைத்தார்கள். மீரான் ஒரேயடியாக வந்து சேர்ந்தார். திருச்சி ஏர்போர்ட்டுக்கு அனஸ்தான் வந்தான், அதே பிக்கப்பை எடுத்துக்கொண்டு. பெட்டிகளை ஏற்ற வண்டியின் பின்பக்கம் போனார். இரண்டு மட்பிளாப்பிலும் மஞ்சள் பெயிண்டில் பட்டையாக எழுதியிருந்தது: மீரான்.

தூக்கிய பெட்டியை அவர் கீழே வைத்துவிட்டார்.

நம் பக்கத்தில் இது ஒன்றும் புதுசு கிடையாது. வண்டிக்காரன் தாய் பேர், பிள்ளை பேர், குலசாமி பேர் என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே எழுதுவான். பம்பரில் எழுதுவான், மட்பிளாப்பில் எழுதுவான். பாசம்தான் காரணம். ஆனால் மீரானுக்கு அப்படித் தோன்றாததற்கு ஒரு காரணம் உண்டு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

தம்மாமில் அவர் போன மூன்றாவது வருஷம் ஒரு போர்மன் இருந்தான். லேட்டாக வருகிறவர்களின் பெயரை ஒர்க்‌ஷாப் வாசல் தரையில் சாக்பீஸால் கொட்டை எழுத்தில் எழுதிவிடுவான். உள்ளே போக வேறு வழி கிடையாது. எல்லாரும் அதை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். காய்ச்சலில் விழுந்து எழுந்து அரை மணி தாமதமாகப் போன ஒரு நாள், மீரான் பெயர் அங்கே வந்தது. மூன்று நாள் இருந்தது. கூட வேலை செய்கிறவர்கள் கொஞ்சம் ஒதுங்கிக் கால் வைத்தார்கள், பாவம். லாரிகள் ஒதுங்கவில்லை. ஈர டயர் ஏறி ஏறி அது அழிந்தது. அவரும் அதன் மேல் நடந்துதான் வேலைக்குப் போனார், வேலையிலிருந்து வந்தார்.

அதனால்தான் மகன் வண்டியின் சக்கரத்துக்குப் பக்கத்தில், முழங்காலுக்குக் கீழே, புழுதி அப்பிய தன் பெயரைப் பார்த்ததும் அவருக்கு நாக்கு உள்ளே போய்விட்டது. என்னடா இது என்று அங்கேயே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பையன் பதில் சொல்லியிருப்பான், கதையும் அங்கேயே முடிந்திருக்கும். அவர் கேட்கவில்லை. பெட்டியை ஏற்றிவிட்டு, "டயருக்குக் காத்து எவ்வளவு வெச்சிருக்க?" என்றார்.

"பின்னாடிக்கு அறுவது அத்தா."

"ம்."

வீடு வந்து சேரும்வரை அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஆறு மாதம். வண்டி தினமும் வீட்டு வாசலில்தான் நிற்கும். மீரான் பள்ளிவாசலுக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தப் பெயரைப் பார்க்காமல் இருக்கத் தெருவின் எதிர்ப்பக்கமாக நடப்பார். அனஸ் வாரத்துக்கு ஒரு தடவையாவது கூப்பிடுவான். "ஒரு லோடுக்கு என்கூட வாங்களேன் அத்தா, செட்டிகுளம் மலையடிவாரமெல்லாம் பாத்துட்டு வரலாம்." முழங்கால் வலி என்பார் இவர். முழங்காலில் வலி இருந்ததென்னவோ உண்மைதான். ஆனால் பின்னால் தன் பெயர் சேறு தின்றுகொண்டு வர, முன்னால் தான் உட்கார்ந்து ஊர் பார்த்துக்கொண்டு போவதா என்பதுதான் அவர் மனசில் இருந்தது. பையன் ஒவ்வொரு தடவையும் சரியென்று தலையை ஆட்டிவிட்டுத் தனியாகப் போவான்.

புரட்டாசியில் மழை பிடித்துக்கொண்டது. கரிசல் காட்டுக்குள் போய்வருகிற வண்டி எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு மீரான் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அனஸின் வண்டி கடையைத் தாண்டிப் போனது. பக்கத்தில் இருந்த ஒருவர், அவரும் பல வருஷம் சபுரில் இருந்து திரும்பியவர்தான், விளையாட்டாகச் சொன்னார்.

"என்ன மீரான், ஒம் மவன் ஒன்னைய ஊரெல்லாம் சேத்துல போட்டு இழுத்துக்கிட்டுத் திரியிறான்."

கடையில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். மீரானும் சிரித்து வைத்தார். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் சுபுஹுத் தொழுகை முடிந்து வந்தவர் நேராகப் பரண் மேலிருந்து தம்மாம் பெட்டியை இறக்கினார். ரப்பர்க் கத்தி அதற்குள் துணி சுற்றி இருந்தது. வண்டிக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அப்போது முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை. இடது பக்கத்துத் தட்டியில் 'மீ' முழுக்கச் சேற்றுக்குள் இருந்தது. எழுத்துக்கு மேலே நாலு விரல் ரப்பரை விட்டுக் கத்தியை வைத்தார். ஒரே இழுப்பு. வலது பக்கமும் ஒரே இழுப்பு. எழுந்து நின்று இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று வேறு பார்த்தார். இந்த மனுஷனை என்ன சொல்வது? வெட்டியதுதான் வெட்டினார், அதில் வேலைச் சுத்தம் வேறு.

ஏழு மணிக்குப் பேரூராட்சிக் குப்பை வண்டி வந்தது. இரண்டு துண்டையும் தன் கையாலேயே அதில் போட்டார்.

அனஸ் சாவியோடு வெளியே வந்தபோது மீரான் வாசலில்தான் நின்றார். சொல்ல வேண்டியதையெல்லாம் தயார் செய்து வைத்திருந்தார். 'அப்பன் பேரை எங்க எழுதறதுன்னு ஒரு முறை இருக்கு' என்று ஆரம்பிப்பதாக ஏற்பாடு. பையன் சண்டை போடுவான், தானும் போடலாம், ஆறு மாதமாக நெஞ்சில் கிடந்தது வெளியே வந்துவிடும் என்று எதிர்பார்த்தார். சண்டை போட்டாவது மகனோடு பேசிவிடலாம் என்று ஓர் ஆசைகூட இருந்திருக்கும்.

அனஸ் வண்டியைச் சுற்றி வந்தான். பின்னால் நின்றான். குனிந்து, வெட்டிய விளிம்பில் ஒரு விரலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் இழுத்தான். தகப்பனை நிமிர்ந்து பார்த்தான். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

"நேரா வந்திருக்கு அத்தா," என்றான்.

அவ்வளவுதான். ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தயார் செய்து வைத்திருந்த பேச்சு முழுக்க மீரான் வாயிலேயே கிடந்தது.

அதன் பிறகு வீட்டில் எந்த மாற்றமும் தெரியவில்லை. அனஸ் ஸலாம் சொன்னான், சாப்பிட்டான், லோடுக்குப் போனான், வந்தான். செட்டிகுளம் போகலாம் வாங்க என்று கூப்பிடுவது மட்டும் நின்றுபோனது. மீரான் முதலில் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமை கடந்த பிறகுதான் உறைத்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். ஜைனம்பு சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். விசிறவும் இல்லை, குழம்பை நகர்த்தவும் இல்லை.

"அனஸு எந்தம்பிக்குப் போன் பண்ணிட்டான். ஷார்ஜாவுக்குப் போறானாம். விசா அடிக்கச் சொல்லிட்டானாம்."

மீரான் கையிலிருந்த சோறு தட்டிலேயே விழுந்தது. "யாரைக் கேட்டு?"

"நீங்க யாரைக் கேட்டு வெட்டுனீங்க?"

முப்பது வருஷக் குடித்தனத்தில் ஜைனம்பு அவரை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் விடவில்லை.

"இந்த ஊருல அவனை எல்லாரும் எப்படிக் கூப்புடுவாங்க தெரியுமா? ஜைனம்பு மவன். பள்ளிக்கூடத்துல ஜைனம்பு மவன். ரேஷன் கடையில ஜைனம்பு மவன். அத்தா இருக்குற புள்ளைய, அத்தா இல்லாத புள்ளைய கூப்புடுற மாதிரி. வண்டி எடுத்த அன்னைக்கு எங்கிட்ட வந்து, அம்மா, பின்னாடி அத்தா பேரு எழுதப் போறேன், எந்தக் கலரு நல்லாருக்கும்னு கேட்டான். நாந்தான் மஞ்சள் போடுடான்னேன். நல்லாத் தெரியும்னு சொன்னேன். என் வாயைத்தான் நானே வெட்டிக்கணும்."

மீரான் கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தார். விரலில் சோறு காய்ந்தது. பிறகு, தலையைக் குனிந்தபடியே, அந்தச் சாக்பீஸ் கதையைச் சொன்னார். வாசல் தரையைச் சொன்னார், மூன்று நாளைச் சொன்னார், ஈர டயரைச் சொன்னார்.

ஜைனம்பு தட்டை நகர்த்திவிட்டுக் கிட்டே வந்து உட்கார்ந்தாள். கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா எங்கிட்டயே சொல்லலியேங்க."

"சொல்லி என்னா பண்றது? நீ இங்க உக்காந்து அழுவ. நான் அங்க உக்காந்து அழுவேன்."

"புள்ளைக்கிட்டயாவது இப்ப சொல்லுங்க. இதை மட்டும் சொல்லிடுங்க. அவன் போவ மாட்டான்."

சொல்லத்தான் போனார். அனஸ் வாசலில் வண்டிக்கு அடியில் படுத்து கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தான். இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. மீரான் பக்கத்தில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். கால்கள் அசைவதை நிறுத்தின. கேட்கத் தயாராக இருக்கிறான் என்று அவருக்கே புரிந்தது. ஆனால் இருபத்தாறு வருஷம் போனில் 'நல்லாருக்கியா, நல்லாப் படி, அம்மாட்டக் குடு' என்று மட்டும் மகனோடு பேசிப் பழகிய வாய். அதை வைத்துக்கொண்டு எங்கே ஆரம்பிப்பது?

"ஸ்டெப்னி டயரு தேஞ்சிருக்கு," என்றார்.

வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "மாத்திடுறேன் அத்தா."

மீரான் உள்ளே வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். ஜைனம்பு முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

பேச வராவிட்டால் என்ன, கை இருக்கிறதே என்று மறுநாள் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பஸ் ஏறிப் பெரம்பலூர் போனார். துறைமங்கலத்தில் வண்டிகளுக்குப் பெயர் எழுதுகிற வீரமணியின் கடையை விசாரித்துக் கண்டுபிடித்தார். நல்ல கனமான ரப்பராகப் பார்த்து எடுத்து, இரண்டு துண்டு தானே வெட்டிக் கொடுத்து, மஞ்சளில் மீரான் என்று எழுதச் சொன்னார். வீரமணி பிரஷ்ஷைக் கையில் எடுத்தவர் அவரை உற்றுப் பார்த்தார்.

"லப்பைக்குடிக்காட்டுப் பாய்ங்களா? இதே பேரை முன்ன ஒரு தம்பிக்கு எழுதிக் குடுத்தேங்க. ரெண்டு மணி நேரம் என் பக்கத்துலயே நின்னுச்சு. 'மீ' பெருசாயிடுச்சு, 'ன்' சிறுத்துப்போச்சுன்னு மூணு தடவை அழிக்க வெச்சுது. பேனர் வெக்கிற கட்சிக்காரங்ககூட இவ்வளவு பாக்க மாட்டாங்க. யாருங்க அது?"

"என் மகன்," என்றார் மீரான். வீரமணி அதற்கு மேல் எதுவும் கேட்காமல் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, மறுநாள் காலையில் அனஸ் தூங்கி எழுவதற்குள் இரண்டையும் போல்ட் போட்டு முடுக்கினார். பளபளவென்று இருந்தது. அவனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அனஸ் பார்த்துக்கொண்டே நின்றான். பார்க்கப் பார்க்க அவன் முகம் சுருங்கியது. "எதுக்கு அத்தா இது?"

"பின்னாடி பைக்குல வர்றவன் மேலெல்லாம் சேறு அடிக்குதுல்ல. அதான்."

"அதுக்கு வெறும் ரப்பர் போதும் அத்தா. பேரு வேணாம்."

"இருக்கட்டும்டா. நீ ஆசைப்பட்டு எழுதுனதுதானே."

அனஸ் வண்டியின் பக்கவாட்டுக் கதவில் சாய்ந்து நின்றான். அவன் பேச ஆரம்பித்தபோது குரலில் கொஞ்சம்கூடக் கோபம் இல்லை. அதுதான் மீரானைக் கொன்றது.

"நான் சின்னப்புள்ள மாதிரி செஞ்சிட்டேன் அத்தா. அம்மா சொன்னாங்க, அங்க உங்களுக்கு நடந்ததெல்லாம். நீங்க பட்டது எனக்கென்ன தெரியும்? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் நீங்க அனுப்புன பெட்டி, நீங்க அனுப்புன பணம். அதான் உங்க பேரை எங்க எழுதணும்னு எனக்குத் தெரியல."

"அதெல்லாம் ஒண்ணுமில்லடா. நீ இங்கயே இரு. அது போதும் எனக்கு."

"இல்லத்தா. போயிட்டு வரேன். உங்க காசுல வாங்குன வண்டிய ஓட்டிக்கிட்டு, உங்க பேரை எழுதிக்கிட்டு, அதையும் ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாம இருந்துட்டேன். நானும் நாலு வருஷம் பட்டாத்தான் தெரியும்."

மீரான் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். வேண்டாம்டா என்று ஊர் கேட்க அழுதிருக்கலாம். மனுஷன் மரம் மாதிரி நின்றார். அனஸ் டூல்ஸ் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, அப்போதுதான் அத்தா முடுக்கிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். இரண்டு ரப்பரையும் தோள் துண்டால் துடைத்தான். அதில் துடைக்க எந்தத் தூசியும் இல்லை. உள்ளே கொண்டுபோய் பீரோவுக்கு மேலே, கை எட்டாத உயரத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தான். அடுப்படியிலிருந்து ஜைனம்பு விசும்புகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

கார்த்திகையில் அனஸ் கிளம்பினான். திருச்சி ஏர்போர்ட் வாசலில் உள்ளே போகிறவனாக எத்தனையோ தடவை நின்றிருக்கிறார் மீரான். வெளியே நிற்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனவன் ஒரு தடவை திரும்பிக் கையைத் தூக்கினான். அதற்குள் யாரோ குறுக்கே வந்துவிட்டார்கள். இவர் தூக்கிய கையை அவன் பார்த்தானா இல்லையா என்று ஜைனம்புவிடம் மூன்று முறை கேட்டார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

வண்டியை விற்றுவிடச் சொல்லி ஒன்றிரண்டு பேர் கேட்டார்கள். மீரான் கொடுக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மகனுடையது என்று இருந்தது அது ஒன்றுதான். வெறும் கறுப்பு ரப்பரை மாட்டிக்கொண்டு தானே ஓட்ட ஆரம்பித்தார். அனஸ் ஒரு நோட்டில் லோடுக்காரர்களின் பெயரையும் ஊரையும் வரிசையாக எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தான். தை மாதத்தில் சின்ன வெங்காயம் எடுக்கிற சமயம், அந்த நோட்டில் முதலாவதாக இருந்த செட்டிகுளம் பொன்னுத்தாயின் காட்டுக்குப் போனார்.

பொன்னுத்தாய்க்கு ஐம்பது வயதிருக்கும். களத்தில் ஆட்களை வைத்து வெங்காயத்தைத் தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள். வண்டி வரப்போரம் நின்ற சத்தம் கேட்டதும் கையைத் தட்டிவிட்டு எழுந்து, சிரித்த முகத்தோடு வேகமாக வந்தாள். டிரைவர் கதவு திறந்து ஒரு கிழவர் இறங்கியதும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"வாங்க பாய். வண்டியப் பாத்தா மீரான் வண்டி மாதிரியே இருந்துச்சு. பின்னாடி பேரைத்தான் காணோம். மீரான் வரலீங்களா?"

"நான்தாம்மா மீரான்."

"நீங்களா?" பொன்னுத்தாய் தலையை ஆட்டினாள். "நீங்க இல்லீங்க. நான் கேக்குறது அந்தப் புள்ள மீரானை. ஒல்லியா, ஒசரமா, மூட்டைய நாங்க தூக்குறதுக்குள்ள தானே தூக்கிப் போட்டுடும்."

மீரானுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மெதுவாக விளங்கியது. வண்டியில் என்ன பேர் இருக்கிறதோ அதுதான் டிரைவருக்குப் பேர். காட்டிலும் கமிஷன் மண்டியிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். உன் சொந்தப் பேர் என்ன என்று யாருக்கும் கேட்கத் தோன்றாது.

"ரெண்டு வருஷமா மீரான்னுதான் கூப்புடுறோம். போன்லகூட அப்படித்தான் போட்டு வெச்சிருக்கேன்," என்றாள் பொன்னுத்தாய். "மண்டியிலயும் அப்படித்தான். மீரான் வந்துட்டானா, மீரானை வரச் சொல்லுன்னுதான் சத்தம் போடுவாங்க. அதுவும் வந்துட்டேங்கன்னு ஓடியாரும்."

"அவன் பேரு அனஸும்மா. என் மகன். என் பேருதான் மீரான்."

"அப்படீங்களா?" அவள் வாயில் கை வைத்தாள். "ஒரு நாளும் மாத்திச் சொன்னதில்லீங்களே. ஒரு தடவை நான் கேட்டேன், தம்பி, இது ஒம் பேருதானான்னு. எங்க அத்தா பேரும்மா, அவங்க ஊர்ல இல்ல, வர்ற வரைக்கும் நான் வெச்சிருக்கேன், வந்ததும் இங்கயே கூட்டிட்டு வந்து அவங்ககிட்ட ஒப்படைச்சிடுவேன்னுச்சு. வெளையாட்டுக்குச் சொல்லுதுன்னு நெனச்சு நான் சிரிச்சுட்டேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு லோடுக்கும் சொல்லும், அத்தா வந்துட்டாங்கம்மா, அடுத்த நடைக்குக் கூட்டிட்டு வரேன்னு. மழை ஆரம்பிச்ச பெறகுதான் சொல்றதை விட்டுடுச்சு."

மீரான் பக்கத்தில் இருந்த வெங்காய மூட்டையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே களத்து மண்ணில் உட்கார்ந்து, தாள் நறுக்குகிற பெண்கள் அத்தனை பேரும் பார்க்க, வாய்விட்டு அழுதார். ஒருத்தி ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் அதை வாங்கவில்லை. பொன்னுத்தாய் பயந்துபோனாள்.

"பாய், புள்ளைக்கு ஒண்ணும் ஆயிடலீங்களே?"

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

"அப்ப அடுத்த நடைக்காவது மீரான் வருமா?"

"வராதும்மா," என்றார் அவர். "மீரான் சபுருக்குப் போயிட்டான்."